தலைகீழ்ப் பாடம்

மன்னார்குடி லோகாம்பாள் அச்சகத்தில்
கூட்டிப் பெருக்க வந்தவன் பக்கிரிசாமி.
மண்ணெண்ணெய்த் துணியால்
எழுத்துகளின் முகம் துடைப்பதும் அவன் வேலை.
துடைக்கத் துடைக்க
அடையாளம் தெரிந்துவிடாதா ஒரு நாள்?

நான் கம்பாசிட்டர். கூத்தாநல்லூர்.
ராவுத்தரே, இது யாரு என்பான்
ஈயத் துண்டைக் கண்ணருகே பிடித்து,
ஊருக்குப் புதிதாய் வந்தவனை விசாரிப்பதுபோல.
ழ என்பேன்.
வாய்க்கு வரலே, கைக்கு வருது என்பான்.

அவன் முதலில் வாசித்த சொல் கருமாதி.
வலம் இடமாய், மேல் கீழாய்,
கட்டை இறுக்கி வைத்திருந்த யார் வீட்டுப் பத்திரிகையோ.
தாளில் நேராய் நின்ற எழுத்து
அவனுக்குக் குழப்பம்.
டீக்கடையில் பேப்பரைக் கவிழ்த்துப் பிடிப்பான்.
பெஞ்சு முழுக்கச் சிரிக்கும்.
அவனோ மேட்டூர் நீர்மட்டம் சொல்வான்,
அடிக்கணக்கு பிசகாமல்.

அறுப்புக் கூலிப் பேச்சு நடந்த வருஷம்
ஆர்.டி.ஓ. ஆபீஸில் நாற்காலி ஐந்து.
நாலில் மிராசுதார்கள்.
ஐந்தாவதில் அவர்கள் கொண்டுவந்த குடை.
அதிகாரி முன் கோப்பு திறந்திருந்தது,
எதிரே நின்றவர்களுக்குத் தலைகீழாக.
நின்றபடியே பக்கிரிசாமி
ஓரத்துப் பென்சில் குறிப்பு வரை படித்து முடித்தான்:
6 படி வரை போகலாம்.

நாலேகால் என்று தொடங்கினார்கள்.
ஆறு என்றான்.
நாலரை.
ஆறு.
கோயில் நிலத்து ஏஜெண்ட் ஐந்து சொல்லிப் பார்த்தார்.
ஆறு.

அன்று மாலை கோட்டூர்ச் சாலையில்
அவனைத் தோளில் தூக்கிப் போனார்கள்.
மனசுக்குள்ளே இருக்கிறதைப் படிக்கிற ஆளு என்றது ஊர்.
ரகசியத்தைக் கசியவிட்டதாக
டவாலி தங்கையனை
வேதாரண்யத்துக்குத் தூக்கியடித்தார்கள்.
இதைப் பற்றி மேடையில் அவன் பேசியதே இல்லை.
ஒருமுறை லாரி ஷெட்டில் மழைக்கு ஒதுங்கியபோது
என்னிடம் வாயெடுத்து,
பீடி கேட்டான்.

அப்புறம் எல்லாம் நோட்டீஸில் உண்டு.
பஞ்சாயத்து, ஜெயில், சட்டசபை,
ரெண்டு தோல்வி,
புயலடித்த மறுவருஷம் எம்.பி.
தேர்தல் வாரத்தில் எங்கள் கேஸில்
துணைக்கால் தீர்ந்துபோகும்.
வாக்காளர், வாரீர், வாழ்க,
எல்லாவற்றுக்கும் கால் கொடுத்து மாளாது.
ர-வின் வாலை அரம் போட்டுச் சீவி
காலாக்கி வைப்போம்.
அந்தக் கால்களில் நடந்துதான் டெல்லி போனான்.

போன தையில் நாங்களும் போனோம்,
சம்பா கருகிய கணக்கோடு.
இணையமைச்சர் அறை. களத்து அகலம் மேஜை.
அந்தப்புறம் அவன்.
இந்தப்புறம் நான், தலைஞாயிறு சங்கத்துச் செல்வநாயகி,
இன்னும் நாலு பேர்.
எல்லோருக்கும் நாற்காலி. அதை மறக்கவில்லை அவன்.
முன்னால் கோப்பு திறந்திருந்தது.
என்னைப் பார்த்தான்.
உள்ளங்கையைப் பக்கத்தின்மேல் வைத்தான்,
வலிக்கிற இடத்தில் வைப்பதுபோல.

ஏக்கருக்கு எவ்வளவு என்று செல்வநாயகி ஆரம்பித்தாள்.
கணினியில் எழுத்துக் கோர்க்கிறவள்,
நேராய் நிற்பதைத்தான் வாசிப்பாள்.
அவன் ஒன்று சொன்னான்.
அவள் ஒன்று சொன்னாள்.
டீ வந்தது.
எடுக்கப் போன கை
டம்ளரோடு அந்தரத்திலேயே நின்றது,
குடிக்கவுமில்லை, வைக்கவுமில்லை.

எனக்கு ரெண்டு கண்ணிலும் புரை.
ஆபரேஷன் மாசிக்குத் தள்ளிப்போயிருந்தது.
ஓரத்தில் பென்சில் எண்,
பின்னால் ஆயிரத்தின் சுழிகள்.
முன்னால் நிற்பது
ஆறா, ஒன்பதா?

ஒன்பது என்றேன்
செல்வநாயகியின் காதில்.